மோர்க் குடுவையும் இரத்தக் குழாயும்



தோட்டத்து வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. கேட்பவர் பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவராக இருப்பார். அரசாங்கக் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்து, "உங்களுக்குக் கொழுப்பு கூடியிருக்கிறது" என்று சொல்லி மாத்திரை கொடுத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் உறவினர் ஒருவர், "மாத்திரை எதற்கு? தயிரும் மோரும் சாப்பிடுங்கள். வயிற்றில் இருக்கும் நல்ல கிருமிகளே கொழுப்பைத் தின்றுவிடும்" என்பார். அவ்வளவுதான். மாத்திரைப் பொட்டலம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடும். "இது மெய்யா, பொய்யா, நீங்களே சொல்லுங்கள் ஐயா" என்பதுதான் அந்தக் கேள்வி.

இதற்கு ஒரே சொல்லில் விடை சொல்லிவிட முடியாது. அந்தப் பேச்சில் மெய்யும் இருக்கிறது, மிகையும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துக் காண வேண்டுமானால், இந்த எண்ணம் எங்கே பிறந்தது, யார் யார் கையில் வளர்ந்தது என்னும் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். வீண் வேலை என்று எண்ணிவிடாதீர்கள். 2019இல் மலேசியாவில் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்தோர் 10 பேரில் ஏறத்தாழ 4 பேருக்கு இரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்தது. அவர்களில் பலர் அதுவரை அதை அறியாமலே இருந்தவர்கள்.

முதலில் அந்தக் கொலஸ்ட்ரால் என்னும் பொருளைப் பார்ப்போம். சிலருக்குப் பித்தப்பையில் கல் உண்டாவதை நாம் அறிவோம். 1769இல் பிரான்சு நாட்டவரான புல்லெத்தியே தெ லா சால் என்பவர், அத்தகைய கல்லிலிருந்து மெழுகு போன்ற பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார். 1815இல் அதே நாட்டு இரசாயன அறிஞர் செவ்ரல் அதற்குப் பெயர் வைத்தார். பித்தம், கெட்டியானது என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது. செவ்ரல் 102 வயது வரை வாழ்ந்தவர். பெயர் வைத்தவரிடம் கொலஸ்ட்ராலுக்கு நன்றி இருந்தது போலும்!

வேடிக்கை இருக்கட்டும். அந்தப் பொருள் முதன்முதலில் அகப்பட்ட இடம் இரத்தம் அன்று, பித்தம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதை மறுபடியும் அங்கேதான் வந்து சேரப்போகிறது.

கொலஸ்ட்ரால் விஷமன்று. உடம்பின் ஒவ்வோர் அணுவுக்கும் சுவர் எழுப்ப அது வேண்டும். வைட்டமின் டி உண்டாக அது வேண்டும். ஆண்மை, பெண்மைச் சுரப்புகளும் அதிலிருந்தே உருவாகின்றன. நாம் உண்ணும் இறைச்சியிலும் முட்டையிலும் இருந்து கொஞ்சம் வருகிறது. பெரும்பகுதியை உடம்பே, குறிப்பாகக் கல்லீரல், செய்துகொள்கிறது. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவருக்கும் கொலஸ்ட்ரால் கூடுவது இதனால்தான். அளவுக்கு மீறி இரத்தத்தில் சுற்றும்போது அது குழாய்களின் உட்சுவரில் படிகிறது. 1913இல் ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அனிச்கோவ் என்னும் இளம் மருத்துவர், சூரியகாந்தி எண்ணெயில் கொலஸ்ட்ராலைக் கரைத்து முயல்களுக்குக் கொடுத்து, அவற்றின் இரத்தக் குழாய்கள் தடித்துப் போவதைக் காட்டினார். முயல் இலை தழை தின்னும் பிராணி, அதற்கு நேர்ந்தது மனிதனுக்கு எப்படிப் பொருந்தும் என்று பலர் அதை ஒதுக்கினர். 1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹம் என்னும் சிற்றூரில் 5,209 ஆண் பெண்களைச் சேர்த்து, ஆண்டுக்கணக்காக அவர்களைக் கவனித்து வந்த பிறகே, இரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடியவர்களுக்கு மாரடைப்பும் கூடுதலாக வருகிறது என்பது ஐயமற விளங்கியது. அந்த ஃபிரேமிங்ஹம் என்ற பெயரையும் நினைவில் வையுங்கள்.

இது ஒரு பக்கத்துக் கதை. இன்னொரு பக்கம் கிருமிகளின் கதை.

கிருமி என்றாலே நோய் என்று எண்ணிய காலம் அது. காலராவுக்கும் சயரோகத்துக்கும் காரணமான கிருமிகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டு வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அப்படி எண்ணியதில் வியப்பில்லை. ஆயினும் 1900ஆம் ஆண்டு வாக்கில் பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் தீசியே என்பவர் ஒரு புதுமையைக் கண்டார். தாய்ப்பால் குடிக்கும் ஆரோக்கியமான குழந்தைகளின் குடலில் ஒருவகைக் கிருமி நிறைந்திருந்தது. நோய்க்குக் காரணமாக அல்ல, நலத்துக்குத் துணையாக அது அங்கே குடியிருந்தது.

அதே நிலையத்தில் பணியாற்றியவர்தான் மெச்னிக்கோவ். ரஷ்யப் பேரரசில் 1845இல் பிறந்தவர். நம் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்குகின்றன என்று கண்டறிந்ததற்காக 1908இல் நோபல் பரிசை மற்றோர் அறிஞரோடு பகிர்ந்துகொண்டவர். மனிதன் முதுமை அடைவதற்குக் காரணமே பெருங்குடலில் அழுகலை உண்டாக்கும் கிருமிகள்தாம் என்று அவர் நம்பினார். பல்கேரியா நாட்டுக் குடியானவர்கள் நெடுநாள் வாழ்வதாக அவர் கேள்விப்பட்டிருந்தார். அவர்களுடைய அன்றாட உணவு தயிர். 1905இல் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய மாணவர் அந்தத் தயிரில் இருந்த கிருமியைக் கண்டறிந்து விவரித்திருந்தார். தயிரிலுள்ள புளிப்புக் கிருமிகளைக் குடலுக்கு அனுப்பினால் கெட்ட கிருமிகள் அடங்கிவிடும் என்று மெச்னிக்கோவ் 1907இல் ஒரு நூலில் எழுதினார். தாமும் நாள்தோறும் புளித்த பால் குடித்து வந்தார். ஐரோப்பா எங்கும் தயிர் மோகம் பிடித்துக்கொண்டது.

முடிவு என்ன? 1916இல், 71ஆம் வயதில், இருதயம் பழுதுபட்டு மெச்னிக்கோவ் இறந்தார். அந்தப் பல்கேரியக் கிருமி மனிதக் குடலில் நிலையாகக் குடியேறுவதில்லை என்பதையும் பிறகு வந்த ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். ஆக, அவர் சொன்ன காரணம் தவறு. ஆனால் குடலில் குடியிருக்கும் கிருமிக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டு என்று அவர் போட்ட விதை வீணாகவில்லை. ஜப்பானில் ஷிரோத்தா என்னும் மருத்துவர் 1930இல் பித்தநீரைத் தாங்கி உயிரோடு குடலைச் சென்றடையும் கிருமி ஒன்றை வளர்த்தெடுத்தார். 1935இல் அது யாக்குல்ட் என்னும் பானமாக வந்தது. சிறிய பிளாஸ்டிக் புட்டியில் நம் பிள்ளைகள் கேட்டு அடம் பிடிக்கும் பானம் அதுதான். ஷிரோத்தாவின் கவலை கொலஸ்ட்ரால் அன்று. அக்காலத்தில் ஜப்பானியக் குழந்தைகளை வாட்டிய தொற்று நோய்களே அவருடைய கவலை.

கொலஸ்ட்ரால் கதையும் கிருமிக் கதையும் எங்கே ஒன்று சேர்ந்தன? சேர்ந்த இடம் மலம். சாப்பாட்டு நேரத்தில் இந்த உரையைக் கேட்பவர்கள் நம்மைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உடம்பு எதைக் கழித்துவிடுகிறது என்று அறிய வேறு வழியில்லை.

1862இல் அமெரிக்க மருத்துவர் ஆஸ்டின் ஃபிளின்ட், கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துப் பித்தத்தோடு குடலில் இறக்குகிறது என்றும், அது வேறொரு பொருளாக மாறி மலத்தோடு வெளியேறுகிறது என்றும் எழுதினார். மாறுவது உண்மை என்று பிறகு உறுதியாயிற்று. மாற்றுவது யார் என்பது மட்டும் நெடுங்காலம் தெளிவாகவில்லை. அதைத் தெளிவாக்க ஒரு விசித்திரமான எலி வேண்டியிருந்தது. உடம்பில் ஒரு கிருமிகூட இல்லாத எலி.

சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் குஸ்தாஃப்சன் என்பவர் அத்தகைய எலிகளை வளர்த்தார். எலிக்குஞ்சைத் தாயின் வயிற்றைக் கீறி எடுத்து, கிருமி புகாத பெட்டிக்குள் வைத்து, கிருமி நீக்கிய பாலைச் சொட்டுச் சொட்டாக ஊட்டி வளர்க்க வேண்டும். காற்றும் வடிகட்டித்தான் உள்ளே போகும். பச்சைக் குழந்தையை வளர்ப்பதைவிடக் கடினமான வேலை. 1957இல் அவரும், பிற்காலத்தில் வேறோர் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற பெர்க்ஸ்ட்ரோமும், அவர்களுடைய தோழர்களும் இந்த எலிகளின் பித்தத்தை ஆராய்ந்தனர். சாதாரண எலியின் உடம்பைவிடக் கிருமியற்ற எலியின் உடம்பில் பித்த அமிலம் பல மடங்கு நீண்ட காலம் தங்கியது. 1959இல் வந்த ஆராய்ச்சியில், கிருமியற்ற எலிகளின் மலத்தில் ஃபிளின்ட் சொன்ன மாற்றம் நிகழவில்லை என்பதும், அவற்றின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்தது என்பதும் தெரியவந்தன. தீனி ஒன்றுதான். குலம் ஒன்றுதான். கிருமி இருந்ததும் இல்லாததுமே வேறுபாடு.

இது எப்படி நடக்கிறது என்பதைத் தோட்டத்து வேலை செய்தவர்களுக்கு எளிதில் விளக்கலாம். பித்த அமிலம் என்பது பால் வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளியைச் செய்யும் தகரம் கொலஸ்ட்ரால். காலையில் ஸ்டோரிலிருந்து நூறு வாளிகள் வெளிக்குப் போகின்றன. வேலை முடிந்ததும் தொண்ணூற்றைந்து வாளிகள் திரும்பி வந்துவிடுகின்றன. காணாமற்போன ஐந்துக்கு மட்டும் புதுத் தகரம் வெட்டினால் போதும். நம் கல்லீரலும் அப்படித்தான். சாப்பாட்டிலுள்ள எண்ணெயைக் கரைப்பதற்காக அது குடலுக்கு அனுப்பும் பித்த அமிலத்தில் நூற்றுக்கு 95 பங்கு மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே வந்துசேர்கிறது. நாளொன்றுக்குப் பல தடவை இந்தச் சுற்று நடக்கிறது. இழப்பு ஏறத்தாழ அரை கிராம்தான்.

இப்போது வெளியில் சில குறும்புக்காரர்கள் வாளியின் கைப்பிடியைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள் என்று வையுங்கள். கைப்பிடி இல்லாத வாளியைத் தூக்கி வருவது கடினம். பல வாளிகள் அங்கேயே கிடந்துவிடும். ஸ்டோரில் கூடுதலாகத் தகரம் வெட்ட வேண்டிவரும், தகரக் கையிருப்பு குறையும். குடலிலுள்ள சில கிருமிகள் செய்வது இதுதான். பித்த அமிலத்தோடு கல்லீரல் பிணைத்து அனுப்பிய ஒரு பகுதியை அவை கழற்றிவிடுகின்றன. கழன்றது எளிதில் திரும்பாமல் மலத்தோடு போகிறது. ஈடு செய்யக் கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. இரத்தத்திலிருந்து அது எவ்வாறு இழுக்கப்படுகிறது என்பதைக் காட்டிய பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்னும் இருவருக்கு 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவை அனைத்தும் எலிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் உரிய செய்திகள். தயிர் குடிக்கும் மனிதனிடம் கதை வந்தது தற்செயலாக. அதுவும் ஆப்பிரிக்காவில்.

ஜார்ஜ் மான் என்பவர் ஃபிரேமிங்ஹம் ஆய்வில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர். கொழுப்பு மிகுந்த உணவே மாரடைப்புக்குக் காரணம் என்று எல்லோரும் பேசியபோது, அவர் அதை ஏற்கத் தயங்கினார். கொழுப்பையே தின்று வாழும் மக்கள் எங்கேயாவது இருந்தால் அவர்களைப் பார்த்துவிடலாம் என்று எண்ணினார். கிழக்கு ஆப்பிரிக்காவில் மாடு மேய்த்து வாழும் மசாய் இனத்தார் அப்படிப்பட்டவர்கள். அவர்களுடைய இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் பாலையும் இறைச்சியையுமே உண்டு வாழ்ந்தவர்கள். பாலைச் சுரைக்குடுவையில் ஊற்றிப் புளிக்கவைத்துக் குடிப்பது அவர்கள் வழக்கம். குடுவையில் முன்பு ஒட்டியிருந்த கிருமியே அடுத்த நாள் பாலுக்கு உறையாகிவிடும்.

1962இல் மானும் அவருடைய குழுவினரும் அப்போது தங்கனீக்கா எனப்பட்ட நாட்டுக்குப் போனார்கள். இன்று அது தான்சானியாவின் பகுதி. 400 மசாய் ஆண்களையும், அவர்களைத் தவிர பெண்களையும் குழந்தைகளையும் சோதித்தார்கள். 1964இல் முடிவு வெளியாயிற்று. அவ்வளவு பாற்கொழுப்பு உண்டும் அவர்களுடைய இரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைவாகவே இருந்தது. இருதய நோய்க்கு அடையாளமே காணப்படவில்லை. மருத்துவ உலகம் திகைத்தது.

மசாய் மக்கள் நடக்கிறார்கள், நாளெல்லாம் நடக்கிறார்கள், அதுதான் காரணம் என்றார் மான். பிறகு 1972இல், இறந்த 50 மசாய் ஆண்களின் இருதயத்தையும் குழாய்களையும் ஆராய்ந்து எழுதினார். அதில் இன்னொரு வியப்பு. அவர்களுடைய குழாய்ச் சுவர்களிலும் கொழுப்பு படிந்தே இருந்தது. வயதான அமெரிக்கர்களுக்கு இருந்த அளவுக்கே சுவர் தடித்திருந்தது. ஆனால் குழாய்களே அகன்று பெரிதாக இருந்ததால் அடைப்பு ஏற்படவில்லை. ஓயாத உடலுழைப்பால் குழாய் அகன்றிருக்கலாம் என்று அவர் கருதினார். தம்முடைய முதல் முடிவுக்கு ஓரளவு இடையூறான இந்தச் செய்தியை மான் மறைக்காமல் எழுதினார். அந்த நேர்மைக்காகவே நாம் அவரை மதிக்கிறோம். மசாய் கதையைச் சொல்லித் தயிரைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

இனித்தான் தற்செயல். 1974இல் மானும், சிறு விமானத்தில் ஊர் ஊராகப் பறந்து சென்று மருத்துவம் பார்த்த ஆன் ஸ்போரி என்னும் பெண் மருத்துவரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். சோப்பைப் போல எண்ணெயையும் நீரையும் கலக்கச் செய்யும் பொருள் ஒன்று உண்டு. உணவுத் தொழிலில் இத்தகைய பொருள்கள் பயன்பட்டு வந்தன. அதை உண்டால் கொலஸ்ட்ரால் ஏறுமா என்று பார்ப்பதே அவர்கள் நோக்கம். 24 மசாய் ஆண்களை இரண்டு பிரிவாக்கினார்கள். எல்லோருக்கும் அவர்களுக்குப் பிடித்த புளித்த பாலே உணவு. ஒரு பிரிவினர் பாலில் மட்டும் அந்தப் பொருள் கலக்கப்பட்டது. வேண்டிய மட்டும் பால் கிடைத்ததால் அவர்கள் வழக்கத்தைவிட மிக அதிகமாகக் குடித்தார்கள். உடல் எடையும் கூடியது.

எடை கூடினால் கொலஸ்ட்ராலும் ஏறுவதுதான் இயல்பு. ஆனால் இரண்டு பிரிவிலும் அது இறங்கியது! கலந்த பொருளால் அன்று, ஏனெனில் கலக்காதவர்களுக்கும் இறங்கியது. அப்படியானால் புளித்த பாலில்தான் ஏதோ இருக்கிறது என்று மான் முடிவு செய்தார். தேடிப் போனது ஒன்று, கையில் கிடைத்தது வேறொன்று.

அமெரிக்காவுக்குத் திரும்பிய பிறகு அங்குள்ளவர்களுக்கு லிட்டர் கணக்கில் தயிர் கொடுத்துப் பார்த்து, அதிலும் கொலஸ்ட்ரால் இறங்கியதாக 1977இல் எழுதினார். செய்தி பரவியது. தயிர் வியாபாரிகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் லிட்டர் கணக்கில் யார் தயிர் குடிப்பார்? சாதாரண அளவில் கொடுத்துப் பார்த்த மற்ற ஆராய்ச்சியாளர்களின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. சிலவற்றில் கொஞ்சம் இறங்கியது. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த சிலவற்றில் அசையவே இல்லை. மானுடைய ஆய்வில் ஒரு குறையும் இருந்தது. புளிக்காத பாலை அதே அளவு குடித்த மூன்றாவது பிரிவு ஒன்று அங்கே இல்லை. ஆட்களும் 24 பேர்தாம்.

முடிவுகள் ஏன் முரண்பட்டன? இதற்குத் தக்க விளக்கம் பன்றிகளிடம் கிடைத்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கில்லிலேண்டும் அவருடைய தோழர்களும் 1985இல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. பன்றிக் குடலிலிருந்து ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு கிருமிகளை எடுத்தார்கள். இரண்டும் பித்தநீரில் நன்றாக வளர்ந்தன. ஆனால் ஒன்று வளரும்போது சுற்றியிருந்த கொலஸ்ட்ராலை உள்ளே இழுத்துக்கொண்டது, மற்றது இழுக்கவில்லை. கொலஸ்ட்ரால் மிகுந்த தீனி கொடுத்த பன்றிகளுக்கு இவற்றைத் தனித்தனியே ஊட்டினார்கள். முதற்கிருமியை உண்ட பன்றிகளின் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் அவ்வளவாக ஏறவில்லை. இரண்டாவதை உண்டவற்றுக்குப் பயனில்லை. ஒரே இனம், ஒரே பெயர், ஆனால் வேலை வேறு. ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பியில் ஒருவன் உழைப்பாளியாகவும் ஒருவன் ஊர்சுற்றியாகவும் இருப்பதைப் பார்க்கிறோம் அல்லவா?

"தயிர் கொலஸ்ட்ராலைக் குறைக்குமா?" என்று கேட்டவர்களுக்கு இதற்குப் பிறகு, "எந்தக் கிருமி உள்ள தயிர்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியதாயிற்று. தேர்ந்தெடுத்த கிருமிகளைக் கொண்டு மனிதரிடம் நடந்த சோதனைகளில், 2012இல் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. கொலஸ்ட்ரால் கூடிய 127 பேர் அதில் பங்குகொண்டனர். பித்த அமிலத்தின் கைப்பிடியைக் கழற்றும் திறமுள்ள ஒரு கிருமியை 9 வாரம் உண்டவர்களுக்கு, வெறும் மாத்திரை உண்டவர்களைவிடக் கெட்ட கொலஸ்ட்ரால் நூற்றுக்கு 11 பங்குக்கு மேல் இறங்கியிருந்தது. நல்ல முடிவுதான். எனினும் எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது கிடைக்கும் பயன் இதைவிடச் சிறியதாகவே இருக்கிறது.

இங்கே மாத்திரையின் வரலாற்றையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. அதுவும் நுண்ணுயிர் தந்த கொடைதான். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1971 முதல் ஏறத்தாழ 6,000 நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்வதைத் தடுக்கும் பொருள் 1973இல் ஒரு பூஞ்சையில் அகப்பட்டது. கியோத்தோ நகரின் ஓர் அரிசிக் கடையில் அரிசியின் மேல் படர்ந்திருந்த நீலப் பூஞ்சை அது. அந்த வழியில் உருவான முதல் மருந்து 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்று கிளினிக்கில் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கெட்ட கொலஸ்ட்ராலை நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு, சில வேளைகளில் அதற்கு மேலும் இவை இறக்குகின்றன. மாரடைப்பையும் சாவையும் குறைக்கின்றன என்று பல்லாயிரம் பேரிடம் ஆண்டுக்கணக்கில் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். தயிர்க் கிருமி எதுவும் அப்படிப்பட்ட தேர்வை இன்னும் எழுதவில்லை. ஆகையால் மாத்திரையை மேல்தட்டுக்கு ஏற்றுவது ஆபத்தான காரியம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, கைகால் தசை வலிக்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளலாம். தாமாக நிறுத்திவிட்டு மோர்ச் சட்டியை நம்பியிருக்கக் கூடாது.

அப்படியானால் குடற்கிருமிக்கு இந்தக் கதையில் இடமே இல்லையா? இருக்கிறது. நாம் வெளியிலிருந்து கொண்டுவரும் கிருமியைவிட, ஏற்கெனவே குடலில் குடியிருக்கும் கிருமிகளிடம்தான் அண்மைக்கால ஆராய்ச்சி கவனம் செலுத்துகிறது. 1973இலேயே பெல்ஜியம் நாட்டில் ஐசென் என்பவரின் குழு, கொலஸ்ட்ராலை உடம்பு உறிஞ்ச முடியாத பொருளாக மாற்றும் கிருமி ஒன்றை எலிக் குடலிலிருந்து பிரித்திருந்தது. ஃபிளின்ட் 1862இல் சொன்ன அதே மாற்றம். 2020இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்த மாற்றத்தைச் செய்யும் மரபணுவையே மனிதக் குடற்கிருமிகளில் கண்டுபிடித்தனர். அத்தகைய கிருமிகள் குடியிருந்தவர்களுக்கு மலத்திலும் இரத்தத்திலும் கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தது. பிறகு 2024இல் வந்த செய்தி நம் கதையைத் தொடங்கிய ஊருக்கே கொண்டுபோகிறது. ஃபிரேமிங்ஹம் ஆய்வில் சேர்ந்திருந்த 1,429 பேரின் மலத்தைச் சோதித்தபோது, ஆசிலிபாக்டர் என்னும் கிருமி வகை மிகுந்திருந்தவர்களுக்கு இரத்தக் கொலஸ்ட்ரால் குறைவாக இருந்தது. ஆய்வுக்கூடத்தில் அந்தக் கிருமிகள் கொலஸ்ட்ராலை உள்ளே வாங்கி வேறு பொருள்களாக மாற்றுவதையும் கண்டனர். குறைந்ததற்கு அந்தக் கிருமியே காரணமா, இரண்டும் சேர்ந்திருந்தது மட்டுந்தானா என்பது வேறு கேள்வி. மனிதருக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும்.

குடியிருக்கும் கிருமிக்குத் தீனி நாம் செரிக்க முடியாத நார். கீரையில், அவரையில், பயற்றில், கடலையில், வாழைப்பூவில், கொய்யாவில் உள்ள நார் சிறுகுடலைக் கடந்து பெருங்குடலுக்கு வரும்போது கிருமிகள் அதைப் புளிக்கவைத்துச் சிறு சிறு அமிலங்களாக்குகின்றன. அவை குடலின் உட்சுவருக்கு உணவாகின்றன, கல்லீரலுக்கும் செல்கின்றன. ஓட்ஸ் போன்றவற்றிலுள்ள வழவழப்பான நார் பித்த அமிலத்தைத் தன்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டும் போகிறது. வாளி மறுபடியும் தொலைகிறது. 1997இல் அமெரிக்க அரசாங்கம் ஓட்ஸ் பொட்டலத்தில் இருதய நலத்தைப் பற்றி அச்சிட அனுமதித்தது இந்தச் சான்றின் பேரில்தான். ஓட்ஸ்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் வாழையும் வைத்திருக்கிறவர்கள் அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை.

இனி மோர்ச் சட்டிக்கு வருவோம். மாடு வைத்திருந்த தோட்டத்து வீடுகளில் வாரத்தில் சில நாளாவது தயிர் உறையும். உறைமோர் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கரண்டி வரும். அந்த வீட்டுக்கு அதற்கு முந்திய வீட்டிலிருந்து வந்திருக்கும். மசாய் மக்களின் சுரைக்குடுவையைப் போலவே இதுவும் பெயர் தெரியாத பலவகைக் கிருமிகளின் கூட்டம். உங்கள் வீட்டு உறைமோரில் இருப்பது அந்த ஓக்லஹோமாப் பன்றிகளில் முதற்பன்றி உண்ட கிருமியைப் போன்றதா, இரண்டாவது உண்டதைப் போன்றதா என்று சோதித்துப் பார்த்தவர் இல்லை. எனவே மோர் குடித்தால் கொலஸ்ட்ரால் இத்தனை இறங்கும் என்று யாராவது எண்ணிக்கை சொன்னால் நம்பாதீர்கள். மோர்க்குழம்பாகக் கொதிக்க வைத்தால் கிருமிகள் இறந்துவிடும் என்பதும், இட்லி மாவைப் புளிக்கவைத்த கிருமிகள் ஆவியில் வெந்ததும் மடிந்துவிடும் என்பதும் தெரிந்த செய்திகள். சுவையும் சத்தும் போவதில்லை, உயிருள்ள கிருமி மட்டும் குடலுக்கு வராது. கடையில் இனிப்பாக விற்கும் தயிர்ப் பானங்களில் சர்க்கரை எவ்வளவு என்று புட்டியின் ஓரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அது முக்கியம்.

ஆடை நீக்கிய மோர், உப்பைக் கொஞ்சமாகப் போட்டு, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டது, டின்பால் ஊற்றிய தேநீருக்குப் பதிலாக மத்தியானத்தில் ஒரு குவளை. அதற்கு யாதொரு தடையும் இல்லை. டின்பாலின் சர்க்கரை குறைந்ததே ஓர் ஆதாயம்தான். மாத்திரையை டாக்டர் சொன்ன வேளையில் தண்ணீரோடு விழுங்குங்கள். அடுத்த தடவை கிளினிக்குக்குப் போகும்போது முந்திய இரத்தச் சோதனைச் சீட்டையும் கையோடு கொண்டுபோய், இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று டாக்டரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.